முத்துராஜ் எங்கிட்டு வாரான்?

குழந்தைசாமி செவ்வாய்க்கிழமை விடிகாலையில் காலமானார். எப்படிப் போனார், கஷ்டப்பட்டாரா, கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. பந்தலுக்குக் கம்பு ஊன்றுவதற்கு முன்னாலேயே வாசலில் கூடிவிட்ட சனம் கேட்ட முதல் கேள்வி, "முத்துராஜ் எப்ப வாரான்?" என்பதுதான்.

முத்துராஜ் அவருடைய ஒரே மகன். நியூசிலாந்தில் ஆக்லாந்து என்கிற ஊரில் ஒரு பால் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். குடுமியான்மலைப் பக்கம் மாடு வைத்திருந்தவர்கள் எல்லாம் அதை விற்றுவிட்டுப் பாக்கெட் பாலுக்கு மாறிய பிறகு, இவன் ஒருவன்தான் இன்னும் பாலை நம்பிப் பிழைக்கிறான் என்று அவனுடைய அக்கா பிரகதீஸ்வரி சொல்வாள்.

பிரகதீஸ்வரிக்கு அப்படித்தான் பேச வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அப்பாவின் வலது பக்கம் விழுந்தபோதே, புருஷன் நாகராஜனையும் சட்டி பானைகளையும் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள் அவள். கஞ்சி கரைத்து ஊட்டியது, புரட்டிப் படுக்க வைத்தது, துணி அலசியது, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வேனில் கிடத்திக் கொண்டுபோனது எல்லாம் அவள். முத்துராஜ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வந்து, "அப்பா, எப்படி இருக்கீங்க?" என்று உரக்கக் கேட்பான். வாய் குழறும் மனுஷர் பதிலைத் திரட்டி உதட்டுக்குக் கொண்டுவருவதற்குள் அங்கே அவனுக்கு வேறு போன் வந்துவிடும். நேரில் வந்தது ஒரே ஒரு தடவை. வந்த ஒன்பது நாளில் ஐந்து நாள் பிள்ளைகளுக்குக் கொடைக்கானல் காட்ட வேண்டியிருந்தது.

இப்போது அந்த முத்துராஜ்தான் வீட்டின் மையப் பொருள் ஆகிவிட்டான். அப்பா உள்ளே பெஞ்சில் நீட்டிப் படுத்திருந்தார். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி ஒன்றும் இல்லை என்கிற மாதிரி எல்லோரும் வாசலில் நின்று ஆக்லாந்தைப் பற்றிப் பேசினார்கள்.

இந்தப் பேச்சுக்குத் தலைமை தாங்கியவர் சோலையப்பன் சித்தப்பா. குழந்தைசாமியின் தம்பி. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பெயின்ட் அடித்துவிட்டு ஊர் திரும்பியவர். போக வர ஏழு தடவை விமானம் ஏறியிருந்தபடியால், விமானம் சம்பந்தமான எந்தப் பேச்சிலும் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அவருடையதாகவே இருக்கும். அவருடைய மகன் ரகுநாத் ஒரு என்ஜினீயரிங் காலேஜில் வாத்தியார். அப்பாவிடம் அனுபவம், மகனிடம் போன். இரண்டும் சேர்ந்தால் தெரியாதது எதுவும் இருக்க முடியாது.

"ஏர்போர்ட் டு ஏர்போர்ட் தூரம் போட்டா டைம் கரெக்டா வந்துரும்ப்பா," என்றான் ரகுநாத். அதற்கென்றே ஒரு வலைத்தளம் இருக்கிறதாம். ஒரு கட்டத்தில் ஆக்லாந்து, அடுத்த கட்டத்தில் திருச்சி என்று அடித்தான். அடுத்த நிமிஷமே ஆனா ஆவன்னா ஒப்பிக்கிற பையனைப் போல முகம் மலர்ந்தது.

"பதினோராயிரத்து இருநூத்திச் சொச்சம் கிலோமீட்டர். பறவை பறக்குற மாதிரி நேர் தூரம். மணிக்குத் தொள்ளாயிரம்னு வச்சா பன்னெண்டரை மணி நேரம்."

"பன்னெண்டரையா?" சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "அங்க கடிகாரம் நம்மளவிட ஆறரை மணி நேரம் முன்னாடி ஓடுதுல்ல? அதக் கழி."

"அப்படிக் கழிக்கக் கூடாதுப்பா. அது வேற..."

"நீ பிளைட்டுல போயிருக்கியா?"

ரகுநாத் போனதில்லை. கழித்தான். ஆறு மணி நேரம் வந்தது.

"அவ்வளவுதான்," என்றார் சித்தப்பா, கூட்டத்தைப் பார்த்து. "ஆறு மணி நேரம். நம்ம மெட்ராஸ் போயிச் சேர்ற நேரம். இப்பக் கெளம்புனான்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எடுத்துறலாம்."

பூமியின் அடுத்த முனை இத்தனை பக்கத்தில் இருந்ததா என்று கூட்டம் வாயடைத்துப்போனது. கொட்டு அடிக்கிறவர்களுக்கு அஞ்சு மணி என்று சொல்லி ஆள் அனுப்பியாயிற்று. சித்தப்பா வீடு அடுத்த தெருவில் இருக்கிறது. அங்கிருந்து இந்த வீட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவையாவது அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிரகதீஸ்வரி நினைத்துக்கொண்டாள். கேத வீட்டில் சண்டை போட அவளுக்குத் தெம்பு இல்லை.

அதற்குள் முத்துராஜே கூப்பிட்டுவிட்டான். கொஞ்ச நேரம் வெறும் அழுகைதான் கேட்டது. பிறகு டிக்கெட் கிடைத்துவிட்டதாகவும், அவன் மட்டும் வருவதாகவும், அவர்கள் ஊர்க் கணக்கில் இன்று ராத்திரி ஏறி, காலையில் சிங்கப்பூரில் இறங்கி, அங்கே எட்டு மணி நேரம் காத்திருந்து அடுத்த விமானத்தைப் பிடித்து, நாளை மூன்றரைக்குத் திருச்சி வந்துவிடுவதாகவும் சொன்னான். பிரகதீஸ்வரி அதை அப்படியே வாசலில் வந்து சொன்னாள்.

கூட்டம் இதை நல்ல விதமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மணி நேரத்தில் வரக்கூடியவன் ஒன்றரை நாள் எடுத்துக்கொள்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

"எட்டு மணி நேரம் சிங்கப்பூர்ல என்ன வேலை?" என்றார் சித்தப்பா. "அங்கதான் கடை கண்ணி நெறையா இருக்கு. சாமான் வாங்குவானோ?"

"அடுத்த பிளைட்டு அப்பத்தான் சித்தப்பா."

"கேட்டா விட மாட்டானா? அப்பா செத்துட்டாருன்னு சொன்னா டிரைவரு கொஞ்சம் முன்னக்கூட்டியே எடுக்க மாட்டானா?"

பிரகதீஸ்வரி பெருமூச்சு விட்டாள். "அப்ப ஒண்ணு பண்ணுவோம். இன்னைக்கே எடுத்துருவோம். அப்பா காத்துக் கெடந்தது போதும். இனிமே வந்து யாரைப் பாக்கப் போறான்?"

இதுவரை இந்த ஊரில் இவ்வளவு பெரிய அதர்மத்தை யாரும் பேசவில்லை என்பதுபோல எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்னாத்தா பேசுற? பெத்த மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில, அவன் இல்லாமக் கொள்ளி வச்சா ஊரு என்ன சொல்லும்? அண்ணன் நெஞ்சு வேகுமா?" என்றார் சித்தப்பா. "ரெண்டு நாளானாலும் வச்சிருந்து எடுப்போம். மகன் வரணும்."

அன்னவாசலிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. குழந்தைசாமி கண்ணாடிக்குள் போனார். வாழ்நாள் முழுக்க மின்விசிறிகூட வேண்டாம் என்று சொன்ன மனுஷர்.

மறுநாள் புதன்கிழமை மத்தியானம் வீடு நிறைந்துவிட்டது. மாலை போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று வந்தவர்கள்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். காரணம் ரகுநாத். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டுகிற ஒரு ஆப்பைக் கண்டுபிடித்து, அதைப் பந்தலில் நாற்காலி மேல் தூக்கி வைத்த டி.வி.யில் தெரியும்படி செய்திருந்தான். நீலக் கடலுக்கு நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம். அதுதான் முத்துராஜ்.

டி.வி. கிழக்கே இருந்தது. ஐஸ் பெட்டி மேற்கே, வீட்டுக் கூடத்தில். அதனால் வந்த சனம் எல்லாம் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நடுவில் நிறுத்தி, "இப்ப எங்கிட்டு வாரான்?" என்று கேட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ரகுநாத் உயரம், வேகம், இன்னும் மீதி உள்ள தூரம் எல்லாம் சொல்லி விளக்கினான். இறந்தவருக்கு வயது என்ன என்று ஒருவர் கேட்டபோது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

"இப்ப அந்தமானுக்குக் கீழ வாரான்."

"சாப்பாடு கொடுத்துருப்பான் இந்நேரம்," என்றார் சித்தப்பா. "சிக்கனா சைவமான்னு கேப்பான். கேதத்துக்குப் போறவன் சைவம்னு சொல்லணும். சொல்லியிருப்பானா?"

அந்தக் கேள்வி கொஞ்ச நேரம் ஓடியது.

மூன்று மணிக்கு மேல் வானம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஆவணி மாசத்து மழை அந்த நேரத்தில்தான் வரும். மஞ்சள் விமானம் கடலைத் தாண்டிக் கரையைத் தொட்டபோது பந்தலில் கைதட்டாத குறை.

"கட்டுமாவடிக்கு மேல வந்துட்டான்!" என்று ரகுநாத் கத்தினான்.

சித்தப்பாவின் மருமகன் நிலவழகன் கட்டுமாவடியில் மீன் வியாபாரம். நேற்றே வந்து மாலை போட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். சித்தப்பா உடனே அவருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"மாப்ள, எங்க இருக்கீங்க? சட்டுனு வெளிய வந்து மேல பாருங்க. முத்துராஜ் போறான்."

"எங்க மாமா?"

"மேல மாப்ள, மேல!"

"ஒரே மேகமா இருக்கு மாமா. ஒண்ணும் தெரியலைங்களே."

"தெரியாட்டி என்ன, கையக் காட்டுங்க."

"காட்டிட்டேன் மாமா," என்றார் நிலவழகன், மரியாதைக்கு.

விமானம் அறந்தாங்கியைத் தாண்டியது. புதுக்கோட்டையைத் தாண்டியது. வாடகைக் கார் ஏற்கெனவே ஏர்போர்ட் வாசலில் நின்றது. ஐந்து மணிக்குள் ஆள் வீட்டுக்கு வந்துவிட்டால் இருட்டுவதற்குள் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, கொட்டுக்காரர்கள் தீ மூட்டிப் பறையைக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். அப்போது இடி இறங்கியது. திருச்சிப் பக்கம் வானம் முழுக்கக் கருத்து மின்னியது. டி.வி.யில் மஞ்சள் விமானம் நேராகப் போகாமல் வலது பக்கம் திரும்பியது. பிறகு இன்னொரு தடவை திரும்பியது. கோடு ஒரு வளையம் ஆகி, அதன்மேல் இன்னொரு வளையம் விழுந்தது.

"என்னடா பண்றான்?"

"இறங்க விடலைப்பா. மழை. மேலயே சுத்துறான்." ரகுநாத் படத்தைப் பெரிதாக்கினான். "அப்பா, நம்ம ஊருக்கு மேலதான்ப்பா சுத்துறான்!"

சொல்லி வாய் மூடவில்லை. மேகத்துக்கு மேலே எங்கேயோ ஒரு உறுமல் கேட்டது. இடியா விமானமா என்று யாரும் ஆராயவில்லை. மொத்தப் பந்தலும் எழுந்து, செருப்பைக்கூடத் தேடாமல், தூறலில் தெருவுக்கு ஓடியது. ஒப்பாரிக்காரிகள் ஓடினார்கள். சங்கு ஊதுகிறவர் சங்கோடு ஓடினார்.

வீட்டுக்குள் பிரகதீஸ்வரியும் அப்பாவும் மட்டும் மிஞ்சினார்கள்.

இரண்டு நாளில் அவளுக்குக் கிடைத்த முதல் தனிமை அது. ஐஸ் பெட்டி மட்டும் கர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடியில் உள்ளே நீர் கோத்து, அப்பாவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. முந்தானையால் வெளிப்பக்கத்தைத் துடைத்தாள். நீர் உள்ளே இருந்ததால் ஒரு பிரயோசனமும் இல்லை. இருந்தாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒங்க மகன் வந்துட்டான்ப்பா," என்றாள். "மேலதான் நிக்கிறான். எறங்கத்தான் வழி தெரியல."

சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நொடி மேலே மறுபடியும் உறுமியது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன வயசில் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினால் அன்னவாசல் வருவதற்குள் முத்துராஜ் வாந்தி எடுத்துவிடுவான். எலுமிச்சம்பழத்தைக் கீறி அவன் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வருவது இவள் வேலை. பஸ் குலுங்கினால் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எறங்கிறலாம்க்கா, நடந்து போயிறலாம்க்கா" என்று அழுவான். இந்த மின்னலுக்குள், இந்தக் குலுக்கலில், அப்பா செத்த துக்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரன் கையையா பிடித்திருப்பான்? அவன்மேல் அவளுக்கு இருந்த கோபம் எங்கும் போகவில்லை. அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

வெளியே சத்தம் மாறியது. சனம் நனைந்துகொண்டு பந்தலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மஞ்சள் விமானம் வளையத்தை விட்டுவிட்டு வடக்கே நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"டைவர்ட் பண்ணிட்டான். சென்னைக்குப் போறான்," என்றான் ரகுநாத். தோற்றுப்போன மேட்ச்சைப் பார்த்தவன் குரல். உடனே போனைத் தட்டினான். "சென்னையிலேர்ந்து ரோட்டுல முந்நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர். மணிக்கு அறுபதுன்னு போட்டா..."

"நிப்பாட்டு," என்றார் சித்தப்பா. "விடிஞ்சுதான் வருவான்."

அப்போதுதான் எல்லோருக்கும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. நாளை வியாழக்கிழமை முகூர்த்த நாள். அறந்தாங்கியில் சித்தப்பாவின் சம்சாரம் வழியில் ஒரு கல்யாணம். இன்னும் பாதிப் பேருக்கு வேறு வேறு மண்டபங்கள். கேதம் கழியாமல் கல்யாணத்துக்குப் போக முடியாது.

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். "இங்க பாருங்கப்பா. நம்மளும் எவ்வளவோ பாத்துட்டோம். செத்த மனுசன் கண்ணைத் தொறந்து மகனைப் பாக்கவா போறாரு? ஒடம்ப ரொம்ப நேரம் வச்சிருக்கறதும் பாவம். கொள்ளிய ரகுநாத்து வைக்கட்டும். அவனும் மகன் முறைதான். இப்பவே எடுத்துருவோம்."

நேற்று வேகாமல் இருந்த நெஞ்சு இன்று வேகத் தயாராகிவிட்டது. கூட்டம் தலையாட்டியது. கொட்டுக்காரர்கள் எழுந்தார்கள்.

பிரகதீஸ்வரி வாசற்படியில் வந்து நின்றாள்.

"நாளைக்குக் காலையில எடுப்போம் சித்தப்பா. தம்பி வரட்டும்."

"நேத்து நீதானத்தா இன்னைக்கே எடுக்கணும்னு நின்ன?"

"நேத்து நீங்கதான ஊரு என்ன சொல்லும்னீங்க?"

சித்தப்பா அசடு வழியச் சிரித்தார். "ஊருக்கு நாளைக்குக் கல்யாணம் இருக்குத்தா."

"போயிட்டு வரச் சொல்லுங்க. மொய் எழுதணும்ல. அப்பா எங்கயும் போக மாட்டாரு." அவள் குரல் உயரவில்லை. "அம்புட்டுத் தூரம் வந்து தலைக்கு மேல சுத்திட்டுப் போயிருக்கான். நான் அவன் மொகத்துல முழிக்கணும். நீங்க முழிக்க வேண்டாம், ஒங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல."

நாகராஜன் எழுந்து போய் டி.வி. பிளக்கைப் பிடுங்கினார். வந்தவர்களுக்கு டீ கொடுப்பதும், ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பதுமாக இருந்த மனுஷர், இரண்டு நாளில் அத்தனை பேர் முன்னால் செய்த ஒரே காரியம் அதுதான். படம் போனதும் பந்தல் வேகமாகக் காலியானது.

வியாழக்கிழமை வெளிச்சம் வந்தபிறகு, சேறு தெறித்த ஒரு கார் தெருமுனையில் திரும்பியது. முத்துராஜ் இறங்கினான். மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை, காலில் ஆக்லாந்துக் குளிருக்கான கனத்த ஷூ. வாசலில் கிடந்த காலி நாற்காலிகளைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பினான்.

"எடுத்துட்டீங்களாக்கா?"

"இல்ல. உள்ள இருக்காரு. ஷூவக் கழத்திட்டு வா."

உள்ளே போனவன் பெட்டியின் மேல் கவிழ்ந்து, குரல் உடைந்து அழுதான். அவள் தடுக்கவில்லை. அழுது ஓய்ந்தபிறகு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள்.

"நம்ம ஊருக்கு மேலயே நின்னோம்க்கா," என்றான். "சீட்டுக்கு முன்னாடி மேப்புல புதுக்கோட்டைன்னு பேரு வருது. சுத்திச் சுத்தி வருது. குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். ஒண்ணுமே தெரியல, ஒரே மேகம்."

"எங்களுக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு," என்றாள் பிரகதீஸ்வரி. "டி.வி.யில."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் விளக்கவும் இல்லை.

கல்யாணத்துக்குப் போகாத பதினைந்து இருபது பேரோடு ஊர்வலம் கிளம்பியது. ரகுநாத் வந்திருந்தான், அப்பா அறந்தாங்கிக்குப் போயிருக்கிறார் என்று அவனே வெட்கத்தோடு சொன்னான். பாடையின் முன்பக்கத்தை முத்துராஜும் நாகராஜனும் பிடித்தார்கள். தோள் மாற்றத் தெரியாமல் முத்துராஜ் தடுமாறினபோது நாகராஜன், "எடது கால எடுத்து வைங்க மச்சான், மெதுவா" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

எல்லாம் முடிந்து, மோட்டார் கொட்டகையில் குளித்துவிட்டு, முத்துராஜ் ஈர வேட்டியோடு பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்தான். பிரகதீஸ்வரி பக்கத்தில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். வெகு நேரம் தயங்கிவிட்டுக் கேட்டான்.

"அப்பா கடைசியா என்ன சொன்னாருக்கா?"

"திங்கக்கிழமை ராத்திரி கஞ்சி கொடுத்தேன். உப்புக் கம்மின்னாரு."

"வேற?"

"போட்டுக் கரைச்சுக் கொடுத்தேன். குடிச்சாரு."

"என்னையப் பத்தி ஏதும்..."

அவள் துண்டை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். ஒரு பொய் சொல்லலாம்தான். 'முத்துராஜ் எங்கன்னு கேட்டாரு' என்றால் போதும், பயல் ஆயுசுக்கும் அதை வைத்துக்கொண்டு அழுவான். அப்பா பேரில் ஒரு பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"உப்புக் கம்மின்னாருடா. அம்புட்டுத்தான்."

முத்துராஜ் முதலில் சிரித்தான். சிரித்தபடியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் ஈரத் துண்டை அவன் மடியில் போட்டுவிட்டு, அடுப்பில் சோறு குழைந்துவிடப் போகிறதே என்று உள்ளே போனாள்.